முதல் வரியில் எதைப் போடுவது?

கணிதப் பிரிவு முடித்த மலையகப் பிள்ளைகளும் ஒரு விருப்பப் பட்டியலும்

ஹட்டனில் எந்தப் பிள்ளைக்கும் இரண்டு அரச பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதம் வருவதில்லை. வந்தால் ஒன்று வரும். இல்லாவிட்டால் அதுவும் வராது. இங்கிலாந்தில் கணிதமும் பௌதிகவியலும் படிக்க ஆசைப்படுகிறவர் ஐந்து பாடநெறிகள் வரை விண்ணப்பிக்கலாம். இடம் தருகிறோம் என்று வந்த பதில்களில் ஒன்றை உறுதியாகவும் இன்னொன்றைக் கைகாவலாகவும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மறுத்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. பெறுபேறு வந்த சில வாரங்களுக்குள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்து, பாடநெறிக் குறியீடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வரிசைப்படுத்தி அனுப்புவதோடு இங்கே தெரிவு முடிந்துபோகிறது. எந்தப் பாடநெறிக்கு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு வெட்டுப்புள்ளி என்பது மாதக்கணக்கில் கழித்துத்தான் தெரியவரும்.

இந்த வரிசையை யார் போடுகிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். விண்ணப்பம் இணையவழி. தோட்டத்து லயத்தில் கணினி கிடையாது. போனில் சிக்னல் பிடிக்க மலைத் திருப்பத்துக்கு ஏறவேண்டும். ஆகவே பிள்ளை மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ பஸ் ஏறி டவுனுக்கு வந்து கொமினிகேஷன் கடையில் நிற்கிறது. பின்னால் அடையாள அட்டையைப் போட்டோகொப்பி எடுக்க நாலு பேர் அவசரப்படுகிறார்கள். பிள்ளையின் கையில் கொப்பியின் கடைசிப் பக்கம். டியூஷன் சேர் சொன்ன குறியீடுகள் நீலப் பேனையில், ஏற்கெனவே கெம்பஸ் போன அக்கா போனில் சொன்னவை பென்சிலில். அதற்குக் கீழே ஒன்றுமில்லை. "மிச்சத்துக்கு என்ன போட?" என்று கணினிக்கு முன்னால் இருக்கும் தம்பி கேட்கிறான். "நீங்களே ஏதாவது போடுங்க அண்ணே" என்று பதில் வருகிறது. ஒரு மனிதன் நாலு வருடம் எங்கே இருக்கப் போகிறான், நாற்பது வருடம் என்ன வேலை செய்யப் போகிறான் என்பது அந்த இடத்தில் அப்படித்தான் தீர்மானமாகிறது.

வீட்டில் அம்மா அப்பாவைக் குறை சொல்ல முடியாது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் கொழுந்து பறித்து, முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுமா விழாதா என்ற கவலையோடு திரும்புகிறவர்கள் அவர்கள். கைநூலைப் புரட்டிப் பார்க்க அவர்களுக்கு நேரமும் இல்லை, அதன் பாஷையும் புரியாது. அவர்களிடம் இருப்பது மூன்று கேள்விகள்: எவ்வளவு தூரம், எவ்வளவு செலவு, அங்கே நம்ம ஆட்கள் இருப்பார்களா? மூன்றுமே நியாயமான கேள்விகள். ஆனால் இந்த மூன்றை மட்டும் வைத்து வரிசை போட்டால், பிள்ளை என்ன படிக்க விரும்புகிறது என்ற நாலாவது கேள்வி கடைசிவரை எழாமலே போய்விடுகிறது.

இசட் புள்ளி என்ற கணக்கு

கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு இசட் புள்ளியை விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் தங்கள் தலையெழுத்தை எழுதும் இந்தக் கணக்கைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுக்க வேண்டும். மூன்று பாடங்களுக்கும் அப்படி வந்ததைக் கூட்டி மூன்றால் வகுத்தால் உங்கள் இசட் புள்ளி. ஓர் உதாரணம்: இணைந்த கணிதத்தில் சராசரி 35, நியம விலகல் 20, உங்கள் புள்ளி 75 என்றால் 2.0. பௌதிகவியலில் சராசரி 40, விலகல் 16, உங்கள் புள்ளி 64 என்றால் 1.5. இரசாயனவியலில் சராசரி 45, விலகல் 18, உங்கள் புள்ளி 54 என்றால் 0.5. மூன்றின் சராசரி 1.3333. தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை பார்க்கிறார்கள். அந்த நான்காவது இலக்கத்தில் இடம் தவறியவர்களும் உண்டு.

கணக்கு சரியாக இருந்தாலும் அதில் போடும் இலக்கங்களைச் சேர்க்கும் விதம் பிழைத்தால் எல்லாம் பிழைக்கும். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒரே தொகுதியாகக் கலந்து கணக்கிட்டார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2012 ஜூனில் அந்த இசட் புள்ளிகள் ரத்தாயின. ஒரு தலைமுறை மாணவர்கள் தங்கள் புள்ளி எது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தவித்தார்கள்.

இனி மாவட்டக் கணக்கு. விஞ்ஞானப் பாடநெறிகளில் 40 வீத இடங்கள் நாடளாவிய திறமை வரிசையில் போகின்றன. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படி பிரிகிறது. மிஞ்சிய 5 வீதம் கல்வி வசதியில் பின்தங்கியவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்த 16இல் ஒன்று. இதனால் ஒரே பாடநெறிக்குக் கொழும்பு மாவட்டப் பிள்ளைக்குத் தேவைப்படும் வெட்டுப்புள்ளியை விட நுவரெலியாப் பிள்ளைக்குக் குறைவாக இருக்கும். "சலுகை" என்று இதைச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். 2012 கணக்கெடுப்பின்படி நாட்டின் சனத்தொகை 2 கோடி 3 இலட்சத்துக்குச் சற்று மேல். நுவரெலியா மாவட்டம் 7,11,644. அதாவது மூன்றரை வீதம். ஒரு பாடநெறிக்கு நாடு முழுவதற்கும் 1,000 இடங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 வீதம் 550. அதில் மூன்றரை வீதம் சுமார் 19. இந்தப் பத்தொன்பதையும், பின்தங்கிய மாவட்டப் பங்கில் கிடைக்கும் சிலவற்றையும் ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை, வலப்பனை, ஹங்குரன்கெத்த என்று மாவட்டம் முழுவதும், தமிழ்மொழிப் பாடசாலைகளும் சிங்களமொழிப் பாடசாலைகளும் பங்குபோட வேண்டும். வெளிமாவட்டத்திலிருந்து உயர்தரத்துக்கு மட்டும் இங்கே வந்து பெயர் பதிகிறவர்கள் பற்றிய முறைப்பாடு வேறு, ஆண்டுதோறும்.

மாவட்டத்தின் சனத்தொகையில் பாதிக்கும் மேல் மலையகத் தமிழர். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களில் அவர்கள் பாதியா? இல்லை என்பதற்குக் காரணம் வெட்டுப்புள்ளியில் இல்லை. அதற்கு முன்னாலேயே இருக்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவு நடத்தும் பாடசாலையை 1ஏபி என்பார்கள். தோட்டப்புறங்களில் அப்படிப்பட்ட தமிழ்மொழிப் பாடசாலைகள் குறைவு. இருக்கும் இடத்திலும் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் நிலையான ஆசிரியர் இல்லாமல் பாதி ஆண்டு ஓடிவிடுகிறது. நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளை சாதாரணதரம் முடிந்ததும் கலைப் பிரிவுக்குப் போவது ஆசையால் அல்ல. பக்கத்துப் பாடசாலையில் அதுதான் இருக்கிறது.

பழைய கணக்கு ஒன்று

இந்த மாவட்ட ஒதுக்கீட்டுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது கணிதத்தின் முதல் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம். பின்னர் அதே கணிதக் கதிரையில் இருந்த சி.ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் போல் டிராக்கிடம் ஆய்வு செய்தவர். இலங்கையில் கணிதமும் பௌதிகவியலும் தமிழருக்கு அந்நியமான துறைகளாக ஒருபோதும் இருந்ததில்லை. 1971இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. பௌதிக விஞ்ஞானத்துக்குத் தமிழ்மொழியில் எழுதியவர் 400க்கு 204 எடுக்க வேண்டும், சிங்களமொழியில் எழுதியவருக்கு 183 போதும் என்றானது. பிறகு மாவட்ட ஒதுக்கீடு. யாழ்ப்பாணத்து இளைஞர்களிடம் அது மூட்டிய தீ எங்கே போய் முடிந்தது என்பதை எல்லோரும் அறிவோம்.

மலையகம் அந்தக் கதையில் எங்கே இருந்தது? கதையிலேயே இல்லை. யாழ்ப்பாணம் பல்கலைக்கழக இடங்களுக்குப் போராடியபோது தோட்டத்தில் பெரும்பாலும் ஓராசிரியர் பள்ளிதான் இருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பள்ளிகள் அவை. அரசாங்கம் அவற்றைக் கையேற்கத் தொடங்கியது 1970களில்தான். 1948இன் சட்டத்தால் பறிபோன குடியுரிமை முழுமையாகத் திரும்பியது 2003இல். வடக்கில் இழப்பாக நினைக்கப்பட்ட மாவட்ட ஒதுக்கீடு, காகிதத்தில் பார்த்தால் நுவரெலியாவுக்கு வரவு. அந்த வரவை எடுத்துக்கொள்ளப் பிள்ளைகளைத் தயார்செய்ய நமக்கு இரண்டு தலைமுறை பிடித்தது. ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரி போன்ற சில இடங்களிலிருந்து இன்று ஆண்டுதோறும் பிள்ளைகள் பொறியியலுக்கும் விஞ்ஞானத்துக்கும் போகிறார்கள் என்றால், எங்கிருந்து தொடங்கி அங்கே வந்தோம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பயந்து வரிசை போடாதீர்கள்

இனி விஷயத்துக்கு வருகிறேன். விருப்பப் பட்டியலைப் பற்றி ஊரில் உலவும் பெரிய கட்டுக்கதை இது: "மேல பெரிசா ஒன்னப் போட்டு அது கெடைக்கலன்னா, கீழ உள்ளதும் போயிரும்." இதை நம்பி, உண்மையில் ஆசைப்பட்டதை மூன்றாவது வரிக்கு இறக்கி, "நிச்சயம் கிடைக்கும்" என்று நினைப்பதை முதல் வரியில் போடுகிறார்கள். நிச்சயம் கிடைப்பது நிச்சயமாகவே கிடைத்துவிடுகிறது. அதற்குக் கீழே இருந்த ஆசைக்கும் தன் புள்ளி போதும் என்பது பிறகு தெரியவரும்போது ஒன்றும் செய்ய முடியாது.

முறை இப்படி இயங்குகிறது: உங்கள் புள்ளி எந்தெந்த வெட்டுப்புள்ளிகளைத் தாண்டுகிறதோ, அவற்றுள் உங்கள் வரிசையில் ஆக மேலே இருப்பது உங்களுக்கு. மேலே இருப்பது கிடைக்காவிட்டால் அடுத்த வரியைப் பார்ப்பார்கள்; மேலே போட்ட குற்றத்துக்காக அபராதம் எதுவும் இல்லை. அதேபோல, மேல் வரி ஒன்று கிடைத்துவிட்டால் அதற்குக் கீழே உள்ளவை அனைத்தும் செல்லாது. இதிலிருந்து இரண்டு விதிகள் தாமாக வருகின்றன. ஆசைப்படும் வரிசையிலேயே போடுங்கள். போக விரும்பாத இடத்தை எந்த வரியிலும் போடாதீர்கள்.

கணிதம் படிக்கப் போகிற பிள்ளைக்கு இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1962இல் டேவிட் கேல், லொயிட் ஷப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் கல்லூரி அனுமதியையும் திருமணப் பொருத்தத்தையும் ஒரே பிரச்சினையாக எடுத்து ஒரு சிறிய கட்டுரை எழுதினார்கள். மாணவர் பக்கமிருந்து இடம் கேட்டுப் போகும்படி முறையை அமைத்தால், உண்மையான விருப்பத்தை மறைப்பதால் மாணவருக்கு எந்த இலாபமும் இல்லை என்பது அந்த வழியில் வளர்ந்த ஆய்வின் நிரூபிக்கப்பட்ட முடிவு. இந்தத் துறைக்காக ஷப்லிக்கும் அல்வின் ரொத்துக்கும் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது 2012இல். நம் நாட்டில் இசட் புள்ளி ரத்தான அதே ஆண்டில். எல்லோரையும் புள்ளி வரிசையில் நிறுத்தி மேலிருந்து கீழாக இடம் கொடுக்கும் நம் முறை அதன் எளிய வடிவம். கொமினிகேஷன் கடையில் நிற்கும்போது இந்த ஒரு தேற்றம் நினைவிருந்தால் போதும்.

இஞ்சினியரிங் கிடைக்காதவர்கள் படிப்பதா?

கணிதப் பிரிவில் பிள்ளை படிக்கிறது என்றால் ஊர் கேட்பது ஒன்றுதான்: இஞ்சினியரிங் கிடைக்குமா? பௌதிக விஞ்ஞானம் கிடைத்தது என்று சொன்னால் "அடுத்த தடவை பார்க்கலாம்" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பிள்ளையும் செகண்ட் ஷைக்கு உட்கார்கிறது. உயர்தரம் மூன்று தடவை எழுதலாம் என்பதால் தேர்ட் ஷையும் உண்டு. உண்மையிலேயே பொறியியலாளராக வேண்டும், புள்ளி சொற்பத்தில் தவறியது, வீட்டிலும் ஓராண்டு தாங்கும் என்றால் மறுபடி எழுதலாம், அதில் பிழையில்லை. ஆனால் இணைந்த கணிதத்தில் கணக்கு முடிந்த பிறகும் "இது ஏன் இப்படி வருகிறது" என்று யோசிக்கிற பிள்ளை, ஊருக்காக இரண்டு வருடத்தை இழப்பது வீண். கிடைத்த இடத்தில் பதிவு செய்துவிட்டு அடுத்த ஆண்டுப் பெறுபேற்றோடு வேறு பாடநெறிக்குத் திரும்பி வருவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. கைநூலின் அந்தப் பகுதியைப் படிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம்.

விஞ்ஞான பீடத்தில் என்ன நடக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது. மூன்று ஆண்டுப் பொதுப் பட்டம் ஒன்று; நாலு ஆண்டுச் சிறப்புப் பட்டம் ஒன்று. கணிதமா பௌதிகவியலா என்ற உண்மையான தெரிவு பட்டியலில் வருவதில்லை. உள்ளே போய், முதல் ஓரிரு ஆண்டுப் புள்ளிகளை வைத்துத்தான் சிறப்புப் பட்டத்துக்கு எடுக்கிறார்கள். இடங்கள் கொஞ்சம். ஆகவே பல்கலைக்கழகத்தைத் தெரியும்போது கேட்க வேண்டிய கேள்வி: கணிதம், பௌதிகவியல் இரண்டிலும் சிறப்புப் பட்டம் இருக்கிறதா, கூட எந்தப் பாடத்தைச் சேர்க்கலாம், புள்ளிவிபரவியலா கணினியா?

அதிர்ச்சிக்கும் தயாராக வேண்டும். உயர்தரத்தில் கணிதம் என்பது பெரும்பாலும் விடை காண்பது. பல்கலைக்கழகத்தில் நிறுவல். தொடரொன்று ஒருங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் போதாது, ஏன் என்று வரி வரியாகக் காட்ட வேண்டும். மூன்று ஏ எடுத்தவர்கள் முதல் தவணையில் திணறுவது இங்கேதான். பௌதிகவியலில் சிக்கல் வேறு. வேணியர் இடுக்கிமானியையும் திருகுக் கணிச்சியையும் படத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பரீட்சையில் வாசிப்பு எழுதிய பிள்ளை, ஆய்வுகூடத்தில் அதைக் கையில் பிடிக்கும்போது எந்தப் பக்கம் திருகுவது என்று தடுமாறும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் பழகிவிடும்.

எங்கே போவது?

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி நுவரெலியாவைக் கடந்து பதுளை வழியாகக் கிழக்கே இறங்கிச் செங்கலடியில் முடிகிறது. ஒரு முனையில் பேராதனைப் பல்கலைக்கழகம். மறுமுனைக்குப் பக்கத்தில், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். மலையகப் பிள்ளைகளின் தெரிவு பெரும்பாலும் இந்த வீதியின் எந்தப் பக்கம் இறங்குவது என்பதில்தான் தொடங்குகிறது.

பேராதனை பக்கம். விஞ்ஞான பீடம் 1961இலிருந்து இருக்கிறது, நூலகம் பெரியது, வளாகத்து மேட்டில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. வார இறுதியில் வீட்டுக்கு வந்து போகலாம். பெற்றோர் தயங்குவதற்கும் காரணம் உண்டு. 1997இல் அங்கே பொறியியல் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு 1998இன் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததால் பகிடிவதை ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். முறையிட வழி இருக்கிறது என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"தமிழ்ல படிக்கலாம்" என்பதற்காக யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் முதலில் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஞ்ஞான பீடங்களில் விரிவுரையும் பரீட்சையும் ஆங்கிலத்தில்தான், வடக்கிலும் கிழக்கிலும் கூட. விடுதியில், கடையில், பஸ்ஸில் தமிழ் இருக்கும். அது சின்ன விஷயமல்ல. 1974இல் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் திருநெல்வேலியில் இருக்கிறது. கணிதமும் பௌதிகவியலும் அங்கே பழைய துறைகள். "தோட்டக்காட்டான்" என்ற சொல்லைக் கேட்க நேர்ந்த மலையக மாணவர்களும் அங்கே உண்டு, அதைக் கேட்டுச் சண்டை போட்ட யாழ்ப்பாண நண்பர்களும் உண்டு. வவுனியா 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவில் பிரயோகக் கணிதமும் கணினியும் சேர்ந்த பட்டம் இருக்கிறது. 1977, 1983 கலவரங்களில் மலையை விட்டுப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் பிரதேசம் அது. போய்ப் பார்த்தால் நம் பேச்சே காதில் விழும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில்.

கொழும்பு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர மூன்றையும் செலவுக்குப் பயந்து நம் பிள்ளைகள் கீழே தள்ளிவிடுகிறார்கள். களனியில் பௌதிகவியலோடு இலத்திரனியலும் சேர்ந்தே ஒரு துறை. கொழும்பில் புள்ளிவிபரவியல் வலுவான துறை. வங்கி, காப்புறுதி, மென்பொருள் கம்பனி என்று பட்டதாரியைத் தேடும் இடங்களும் அந்தப் பக்கம்தான். தமிழ்மொழியில் இணைந்த கணிதம் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த மாணவருக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் டியூஷன் வருமானம் கிடைக்கும். அறை வாடகையைச் சமாளித்தவர்கள் இருக்கிறார்கள். மொறட்டுவையில் விஞ்ஞான பீடம் கிடையாது. அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் தீர்ப்பைக் கேட்டால்: கணிதத்திலோ பௌதிகவியலிலோ உண்மையான பிரியம் உள்ள பிள்ளை கொழும்பையும் பேராதனையையும் மேலே போட்டு, அடுத்ததாக யாழ்ப்பாணத்தைப் போடலாம். வேலை விரைவில் வேண்டும் என்றால் கணினியோ புள்ளிவிபரவியலோ சேர்ந்து வரும் பட்டத்தை மேலே கொண்டுவரலாம். தூரத்தை மூன்றாவதாக வையுங்கள். எந்தப் பல்கலைக்கழகமானாலும் அங்கே போய்ச் சேர்கிற முதல் மாதம்தான் தூரம்; பிறகு அது பழக்கம்.

காசு

அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. இருந்தாலும் சாப்பாடு, அறை, பஸ், போட்டோகொப்பி எல்லாம் இருக்கிறது. 1981இல் தொடங்கிய மஹாபொல நிதியத்தின் புலமைப்பரிசில் 2025 ஏப்ரலில் மாதம் 7,500 ரூபாவாக உயர்ந்தது. மஹாபொல கிடைக்காதவர்களுக்கான உதவுதொகை 6,500 ஆனது. தோட்டத்தில் 2024 செப்டம்பரில் நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக நிர்ணயித்தார்கள். அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தாலும் 33,750தான், அதிலும் பிடிப்புகள் போக மிச்சம். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு பிள்ளையைக் கெம்பஸில் வைத்திருக்க ஒரு வீடு எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்பது புரியும். இந்திய உயர்ஸ்தானிகராலயத்தோடு இணைந்த இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நிதியம் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் தருகிறது. அதற்கு விண்ணப்பிக்காமல் விடுகிறவர்கள் நமக்குள் நிறையப் பேர்.

உடனே கடிதம் தருகிறவர்கள் வேறு ஒரு பக்கம் இருக்கிறார்கள். பெறுபேறு வந்த மறுநாளே போன் எடுத்து, "உங்களுக்கு இடம் ரெடி" என்பார்கள். தனியார் நிறுவனங்கள் சில நல்ல பட்டம் தருகின்றன, மறுக்கவில்லை. ஆனால் தூய கணிதமும் பௌதிகவியலும் அங்கே பெரும்பாலும் கிடைக்காது. கிடைப்பது கணினியும் வணிகமும். லயத்து வீட்டை ஈடு வைக்கவும் முடியாத குடும்பம் (வீட்டுக்கும் காணிக்கும் உரித்து இல்லையே) நகையை அடகு வைத்து முதல் தவணை கட்டிவிட்டு, இரண்டாம் தவணைக்கு வழியில்லாமல் நிற்பதைப் பார்க்க மனம் பொறுக்காது. வெட்டுப்புள்ளி வெளியாகும்வரை எந்த இடத்திலும் முற்பணம் கட்டாதீர்கள். வெட்டுப்புள்ளி எட்டாமல் போனாலும், வேலை செய்துகொண்டே விஞ்ஞானப் பட்டம் படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் 1980இலிருந்து இருக்கிறது. ஆசிரிய உதவியாளராக இருந்துகொண்டு அங்கே பட்டம் எடுத்தவர்கள் நம் பாடசாலைகளில் இன்று படிப்பிக்கிறார்கள்.

படித்து முடித்தால் என்ன வேலை என்ற கேள்விக்கு நுவரெலியா மாவட்டத்தில் பதில் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. தமிழ்மொழியில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் உயர்தரத்துக்குப் படிப்பிக்க ஆள் இல்லை. கொட்டகலை பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி இருந்தும் இந்தப் பாடங்களுக்குப் பட்டதாரிகள் போதவில்லை. திரும்பி வந்து படிப்பியுங்கள் என்று எல்லாப் பிள்ளையையும் கட்டாயப்படுத்துவது நியாயமல்ல. பௌதிகவியலில் நல்ல சிறப்புப் பட்டம் எடுத்தவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு ஆய்வுக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் ஹட்டனிலிருந்து இன்னும் சிலர் விஞ்ஞான பீடங்களுக்குப் போகாமல், போனவர்களில் சிலர் திரும்பாமல், அடுத்த பட்டியலில் ஆட்கள் கூட வழியில்லை.

அதனால் ஒரு வேண்டுகோள், பிள்ளைகளுக்கல்ல. பேராதனையில், யாழ்ப்பாணத்தில், கொழும்பில், வந்தாறுமூலையில் விஞ்ஞானம் படிக்கிற, படித்து முடித்த மலையகத்தவர்களே: உயர்தரப் பெறுபேறு வந்ததும் வரும் முதல் சனிக்கிழமை உங்கள் பழைய பாடசாலைக்குப் போய் உட்காருங்கள். கைநூலும் கடந்த சில ஆண்டுகளின் நுவரெலியா வெட்டுப்புள்ளிகளும் கையில் இருக்கட்டும். அதிபர்மாரே, அன்றைக்கு ஒரு வகுப்பறையையும் ஒரு கணினியையும் திறந்து கொடுங்கள். அம்மா அப்பாவையும் வரச் சொல்லுங்கள். அவர்களுடைய மூன்று கேள்விகளுக்கும் அந்தந்த இடத்தில் படித்தவர் நேரில் பதில் சொல்லட்டும். பிள்ளைகள் பட்டியலை அங்கேயே போட்டு முடித்துவிட்டு, அச்செடுக்க மட்டும் கொமினிகேஷன் கடைக்குப் போகட்டும்.